மீனுக்கு என்ன என்று கேட்டாயே

கொளத்தூர்,
மார்கழி 4, வெள்ளி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நான் கூப்பிட்டபோது, "மீட்டிங்ல இருக்கேன்மா, எழுதி அனுப்பு, அப்புறம் படிச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதியே அனுப்புகிறேன். போனில் தட்டினால் என் விரலுக்கு ஒன்று கிடக்க ஒன்று விழும். அதனால் தாளில்தான்.

புதன்கிழமை ராத்திரி 2:10க்கு உன் போட்டோ வந்தது. "அம்மா, இது ஏன் இப்படி இருக்கு?" என்று ஒரு வரி. இருபத்துமூன்று நாள் கழித்து உன்னிடமிருந்து வந்த சேதி அதுதான். நீ வீட்டில் மீன் வைத்திருக்கிறாய் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். மாடியில் பதினாலு தொட்டி வைத்திருக்கிறவள் நான். என் பெண் கப்பி வாங்கினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? விடு. மீனுக்கு வருகிறேன்.

போட்டோவில் நாலு கப்பி தெரிகிறது. மூன்று ஆண், ஒரு பெண். பெண் மீன் ஃபில்டருக்குக் கீழே மூலையில் தனியாக நிற்கிறது. வாலை விரிக்காமல் குச்சி மாதிரி மடித்து வைத்திருக்கிறது. கப்பி கூட்டமாகத் திரிகிற மீன், பசி எடுத்தால் கண்ணாடியை வந்து முட்டும். அது ஒதுங்கி, துடுப்பை மடித்து, சாப்பிட வராமல் நின்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். என்ன நோய் என்பது அப்புறம். முதலில் அது ஒதுங்கி நிற்பதை யாராவது பார்க்க வேண்டும். நீ பார்த்துவிட்டாய். அந்தக் கண் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நம் தெருவில் பெரியவர்களே சொல்வார்கள், இந்தப் பிள்ளை தொட்டியைத் தாண்டிப் போகும்போதே எந்த மீனுக்கு ஆகவில்லை என்று சொல்லிவிடும் என்று.

இப்போது மருந்து எதுவும் ஊற்றாதே. ஊற்றியிருந்தால் நிறுத்திவிட்டு, முதலில் தண்ணீரை மாற்று. கால் பங்கு எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கிற புதுத் தண்ணீரை மெதுவாக விடு. மீன் நோய் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் மீனில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. உன் தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது? புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் செவுள் எரிந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். கடையில் சோதனைக் கிட் கிடைக்கும். அமோனியாவும், அதிலிருந்து உண்டாகிற நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். உங்கள் பெங்களூர் அபார்ட்மெண்டில் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், குளோரின் போக்குகிற சொட்டு மருந்து விடாமல் ஊற்றாதே. சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரும் ஊற்றாதே. கப்பிக்கு உப்பும் சுண்ணாம்பும் உள்ள கெட்டித் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும், அதனால்தான் நம் போர் தண்ணீரில் இது இப்படிப் பெருகுகிறது. சத்தில்லாத தண்ணீரில் விட்டால் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும்.

அங்கே இப்போது ராத்திரி 16 டிகிரிக்கு இறங்குகிறதாமே. ஸ்வெட்டர் போடுகிறாயா?

அடுத்தது, போட்டோவில் அந்தப் பெண் மீன்மேல் தெரிகிற வெள்ளை. இதை நிதானமாகப் படி. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். வாலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினது போல, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தொட்டால் எழும்பி நிற்கும் போல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். மீன் போய்க் கல்லில் உரசிக்கொள்ளும். அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றி, கீழே விழுந்து, மணலில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் பிளந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்துகிற நேரத்தில்தான் அது சாகும். ஆகவே அதற்குச் சூட்டை 29, 30 வரை ஏற்றி அதன் ஓட்டத்தை வேகப்படுத்துவோம், புள்ளி மறைந்த பிறகும் பத்து நாளாவது மருந்தை நிறுத்தக் கூடாது. புள்ளியாக இல்லாமல் உடம்பு முழுக்க மஞ்சள்தூள் பூசினது போல மினுங்கினால் அது வேறு, அதற்கு வேறு மருந்து.

ஆனால் உன் மீனுக்கு இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதட்டைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கிறது, பால் குடித்த குழந்தை வாயைத் துடைக்காமல் இருந்தால் இருக்குமே, அந்த மாதிரி. முதுகிலும் ஒரு வெளிறல் இருக்கிறதா பார். குதிரைக்குச் சேணம் போட்டது போல முதுகின் இரண்டு பக்கமும் இறங்கும். கடைக்காரர்கள் இதைப் பஞ்சு நோய் என்பார்கள், ஃபங்கஸ் என்று நீல மருந்து கொடுப்பார்கள். இது பூஞ்சையே இல்லை. கொலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. இதற்குச் சூடுதான் சாப்பாடு. ஹீட்டரை ஏற்றினால் ஒரே ராத்திரியில் தொட்டி காலியாகும். 24க்கு மேல் போகாமல் வை, ராத்திரிக் குளிரில் சடாரென்று இறங்கவும் விடாதே. ஹீட்டரை 24இல் நிறுத்திவிட்டால் போதும்.

அதைத் தனியாக எடு. பத்து லிட்டர் பக்கெட் போதும், காற்றுக் குழாய் ஒன்று போடு. கல் உப்பு இரண்டு டீஸ்பூன் கரைத்து ஊற்று, நாளைக்கு இன்னும் இரண்டு. தூள் உப்பு வேண்டாம். நைட்ரோஃபியூரசோன் உள்ள மருந்தைக் கேட்டு வாங்கு, மஞ்சளாக இருக்கும். பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை கூட வேண்டாம். நாலைந்து மருந்தை ஒன்றாகக் கலக்காதே. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்று. அந்தப் பக்கெட்டுக்குப் போன வலையை மற்ற தொட்டிக்குக் கொண்டுபோகாதே, வெயிலில் காயவை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீருக்குள் கையை விடாதே, முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவு. மாப்பிள்ளை ஒரு கை பிடித்தால் தண்ணீர் மாற்றச் சுலபமாக இருக்கும்.

அப்புறம் அந்த மூன்று ஆண். ஒரு பெண் மீனுக்கு மூன்று ஆண் என்று எந்தக் கடையில் கொடுத்தார்கள்? ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்கத் துரத்தும். சாப்பிட விடாது, ஓய விடாது. அப்படி ஓய்ந்து போன உடம்பில்தான் நோய் உட்காரும். நிறையச் செடி போடு, அது போய் ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும். குணமான பிறகும் உடனே திரும்ப விடாதே. எத்தனை நாள் ஆனாலும் தனியாக இருக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஆல்பினோ ஃபுல் ரெட் கப்பி இந்தத் தடவை 46 குட்டி போட்டது. பெரியம்மா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மாடி அறையில் ஒழுகின இடத்தைப் பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. உன் பீரோவை அங்கேயே போட்டிருக்கிறேன்.

பாப்பா, மீனைப் பார்க்கத்தான் போட்டோவைப் பெரிதாக்கினேன். தொட்டிக் கண்ணாடியில் நீ தெரிந்தாய். கழுத்தெலும்பு எடுத்துக்கொண்டு நிற்கிறது. காலேஜில் போட்ட அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டிருக்கிறாய். உனக்குப் பின்னால், பொங்கலுக்கு வந்தபோது நான் பார்த்தேனே, ஹெல்மெட் மாட்டுகிற ஆணி, அது வெறுமனே இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

இதை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அந்த மீனின் உதட்டைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. அந்த வெள்ளையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், உன் தொட்டியில்.

2009. நீ பத்தாவது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம். உன்னுடைய இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, நீல மாஸ்கோ கப்பி. ஒரு ஜோடியில் ஆரம்பித்து 43 ஆக்கியிருந்தாய். நோட்டில் எந்தத் தாய் எந்தத் தேதியில் குட்டி போட்டது என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தாய். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் பத்துப் புது மீன் வாங்கி வந்தேன். தனித் தொட்டி எதையும் கழுவி வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற அவசரம். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று உன் தொட்டியில் விட்டுவிட்டேன். சாயங்காலம் மறந்துபோனது. மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்க்காமல் எந்தப் புது மீனையும் சேர்க்கக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ராத்திரி எடுத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாளில் உன் மீன்களுக்கு வாய் வெளுத்தது. வெள்ளைப்புள்ளி என்று நினைத்து ஹீட்டரை 30இல் வைத்தேன். டார்ச் அடித்துப் பார்க்கக்கூட இல்லை. காலையில் எல்லாம் மிதந்தன.

நீ அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவு இருக்கும். கையைக் கழுவாமல் தண்ணீருக்குள் விட்டால் இப்படித்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மீன் எதற்கு என்றேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்து, செம்பருத்திச் செடிக்குக் கீழே புதைத்தாய். தொட்டியைக் கழுவிப் பரணில் வைத்தாய். அதற்கப்புறம் மாடிக்கே வரவில்லை.

நாலு மாதம் கழித்து, பின் தெருவில் தொட்டி வைத்திருந்த பெரியவர் என் மீன் ஒன்றைப் பார்த்துவிட்டு, இது பூஞ்சையும் இல்லை, புள்ளியும் இல்லை, இதற்குச் சூடு ஏற்றினால் செத்துப் போகுமே என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி வந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். பால் வைத்துவிட்டுப் போய்விட்டேன். பதினாறு வருஷம் ஆகிறது. உன் கையால் மீன் சாகவில்லை. என் கையால் செத்தது. உன்மேல் போட்டேன், நீயும் சுமந்துகொண்டே இருந்தாய், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடியில் நீ போன் பண்ணி, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாயே, அன்றைக்கும் நான் முழுதாகக் கேட்கவில்லை. நீதான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும் என்று நடுவிலேயே சொன்னேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். என்ன சொல்ல வந்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ எப்போது சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, இனி நடுவில் பேச மாட்டேன்.

நாளைக் காலையில் பார்சல் போடுகிறேன். நம் வாசல் நாட்டுப் பாதாம் மரத்தில் பழுத்து விழுந்த இலை இருபது இருக்கிறது. கழுவிவிட்டு, பக்கெட்டில் ஒன்று போடு, தண்ணீர் டீ மாதிரி ஆகும், பயப்படாதே. கல் உப்பு ஒரு கிலோ. ஆர்டீமியா முட்டை ஒரு சின்ன டப்பா, பொரித்தால் மீனுக்குத் தீனியாகிற பொடி இறால் வரும், புழு வாங்கிப் போட வேண்டாம், சாக்கடையில் அள்ளுவது. மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று மாவடு இரண்டு பாட்டில் வைத்தேன். அப்புறம் ஒன்றை எடுத்தேன். மறுபடி வைத்துவிட்டேன். பருப்புப் பொடி உனக்கு. சுடு சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிடு, ராத்திரி காபி குடித்துவிட்டுப் படுக்காதே.

தண்ணீரை மாற்று, மறக்காதே. ஹீட்டரை ஏற்றாதே. நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாய். பிருந்தாவன் ரயிலில் ஏறினால் மத்தியானம் அங்கே இருப்பேன், தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

போனைத் தலைமாட்டில்தான் வைத்துக்கொண்டு படுக்கிறேன். இரண்டு மணி என்றாலும் எடுப்பேன். காலையில் அந்தப் பெண் மீனை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதில் நீயும் தெரிகிற மாதிரி எடு.

அம்மா