விக்கல் என்றுதான் நினைத்தோம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய்; திட்டு, தகும். எல்லோரும் நலம் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. நடுவில் அண்ணன் எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தார்.

சர்க்கரையால் அவருடைய சிறுநீரகம் பழுதானது உனக்குத் தெரியும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் நாலைத் தொட்டிருந்தது. உப்பைக் குறைத்து, மாத்திரையைத் தவறவிடாமல், எப்படியோ டயாலிசிஸைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அப்போதுதான் ஒருவர் பை நிறைய நட்சத்திரப் பழம் கொடுத்தார். குறுக்கே வெட்டினால் ஐந்து முனையோடு நட்சத்திரமாக விழுமே, அதுதான். பழம்தானே, உடம்புக்கு நல்லது என்று நானே பிழிந்து கொடுத்தேன். இரண்டு டம்ளர்.

சாயங்காலம் விக்கல் ஆரம்பித்தது. தண்ணீர் குடி, மூச்சைப் பிடி என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். அவரும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். ராத்திரி பத்து மணிக்கும் நிற்கவில்லை. அப்புறம் வாந்தி. விடியற்காலையில் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார். நான் வாங்கி மாட்டிவிட்டேன். என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். அந்த "நீங்க" இன்னும் என் காதில் இருக்கிறது.

விவரத்தைக் கேட்ட சிறுநீரக மருத்துவர், கொண்டுபோன ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே, "என்ன பழம் சாப்பிட்டார்?" என்றுதான் கேட்டார். அடுத்தடுத்து டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் நாள் விக்கல் நின்றது. ஐந்தாம் நாள் என்னை "டேய்" என்று கூப்பிட்டார். நடைபாதைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்தப் பழத்தில் கேரம்பாக்ஸின் என்று ஒரு நரம்பு நஞ்சு இருக்கிறதாம். 2013இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது; நஞ்சு ரத்தத்தில் தேங்கி மூளையைப் பிடிக்கிறது. முதலில் விக்கல், பிறகு குழப்பம், பிறகு வலிப்பு. வலிப்பு வந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. பழுதில்லாதவர்களும் வெறும் வயிற்றில் சாற்றை நிறையக் குடிக்கக் கூடாது. அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு படிகமாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும்.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மூட்டு வலிக்கு ஏதோ மூலிகைப் பொடி சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, "எல்லாம் இயற்கைதான், பக்க விளைவே இல்லை" என்று. முதல் தடவை படித்தபோது அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு மறுபடி படித்தேன், தூக்கம் வரவில்லை.

பெல்ஜியத்தில் நடந்ததைக் கேள். பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்க வைக்கும் ஒரு சிகிச்சை. 1990இல் அந்த மருந்துக் கலவையில் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். அதன் பிறகு, அதுவரை நோய் நொடி இல்லாத பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் விஷயம் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்தது. கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். காரணம் ஒரு பெயர்க் குழப்பம். சீனத்தில் 'ஃபாங் ஜி' என்று முடியும் பெயர் இரண்டு வேர்களுக்கு உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்துவிட்டது. வந்தது அரிஸ்டோலோக்கியா, நாம் ஆடுதீண்டாப்பாளை என்கிறோமே, அந்த இனம். ஆடு தீண்டாது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், சேகர்!

அதோடு முடியவில்லை. அவர்களில் 39 பேருக்கு, கெட்டுப்போன சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் முன்னெச்சரிக்கையாக அகற்றினார்கள். சோதித்துப் பார்த்தால் 18 பேருக்குப் புற்றுநோய். மருந்தை நிறுத்திச் சில வருடங்கள் ஆனபிறகு!

இதைவிட என்னை உலுக்கியது டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய கிராமங்களின் கதை. செர்பியா, பல்கேரியா, குரோஷியா, போஸ்னியா, ருமேனியா என்று அந்தப் பக்கத்தில் சில ஊர்களில் மட்டும், அதிலும் சில வீடுகளில் மட்டும், விவசாயிகளின் சிறுநீரகம் சுருங்கிச் சுருங்கி அற்றுப்போனது. 1950களில் மருத்துவர்கள் அதை எழுதி வைத்தார்கள். தண்ணீரா, பூஞ்சையா, கிருமியா என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். காரணம், கோதுமை வயலில் களையாக முளைத்த அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். அதன் விதை கதிரோடு அறுபட்டு, மாவோடு அரைபட்டு, தினமும் ரொட்டியாக வயிற்றுக்குள் போயிருக்கிறது. 1969இலேயே இவிச் என்பவர் இந்த விதையைச் சுட்டிக்காட்டினார். ஆனால் 2007இல்தான் நோயாளிகளின் சிறுநீரகத்து டிஎன்ஏவில், அந்தச் செடியின் நஞ்சான அரிஸ்டோலோக்கிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும் தடயத்தைக் காட்டினார்கள். எத்தனை பேர் அந்த ரொட்டியைப் பிள்ளைகளுக்கு ஊட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

ஏன் சிறுநீரகத்தையே குறிவைக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டேன். அது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த வேலையில் நஞ்சு செறிவாகி, குழாய்களின் சுவரில் உள்ள செல்களுக்குத்தான் அதிகமாகப் போய்ச் சேருகிறது என்றார். வலிக்காது, வீங்காது. பாதிக்கு மேல் போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நீ சொல்லப் போகிறாய், தெரியும். பெல்ஜியத்துப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

எல்லா மூலிகையும் விஷம் என்று நான் சொல்லவில்லை. உன் பொடியில் இருப்பது எந்தச் செடி என்று உனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம். அதுதான் என் பயம். இன்றைக்கே நிறுத்து. டப்பாவைத் தூக்கிப் போடாதே, மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. ரத்தத்தில் கிரியேட்டினின், அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை, இரண்டையும் இந்த வாரமே எடுத்துவிடு. கமலாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. நீ ஒளித்தாலும் நான் அவளுக்குப் போன் செய்யத்தான் போகிறேன்.

அண்ணன் இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். தெளிவாக இருக்கிறார். நேற்று கேரம் போர்டைத் துடைத்து வைத்துவிட்டு, "அந்தக் கள்ளாட்டக்காரன் எப்போ வரான்?" என்று கேட்டார். ரிப்போர்ட்டோடு வா.

அன்புடன்,
முரளி