ஜி. நாகராஜனை மறுபடியும் படிக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

எழுத்தாளர் ஜி. நாகராஜனையும் அவரைச் சுற்றியிருந்த எழுத்தாளர்களையும் பற்றிய கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கும் வேலை நடக்கிறது. அதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாகராஜன் 1981இல் மதுரையில் இறந்தார். அதற்குப் பிறகு அவர் பெயரை எடுத்தாலே பேச்சு குடிக்கும், விடுதிகளுக்கும், கடைசிக் கால அலைச்சலுக்கும் போய்விடுகிறது. கணக்கு வாத்தியாராக அவர் பேர் வாங்கியவர் என்பதைக்கூட யாராவது நடுவில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கதைகளைவிட அவரைப் பற்றிய கதைகளே அதிகம் புழங்குகின்றன. ஆய்வாளர்களும் ஒதுங்கியே நின்றார்கள். விலைமாதரும் தரகர்களும் வரும் நாவலை வகுப்பில் எப்படி வைப்பது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர்கள் ஆய்வு மாணவர்கள்தான். முதல் நன்றி அவர்களுக்கு. ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) கந்தன் என்ற ஒருவனுடைய ஒரே நாள். அந்த நாளுக்குள் எத்தனை பேரம் நடக்கிறது, யார் யாருக்கு எதை விற்கிறார்கள் என்று ஒரு மாணவி வரிசையாக எடுத்துக் காட்டியபோது அரங்கில் சத்தமே இல்லை. மனைவி மீனாவைப் பற்றிய கந்தனின் கவலையை அன்பு என்பதா, கணக்கு என்பதா என்று அப்புறம் நடந்த வாதம் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது. எனக்கு இரண்டும்தான் என்று படுகிறது. கந்தன்மேல் இரக்கம் காட்டச் சொல்லியோ தீர்ப்புச் சொல்லச் சொல்லியோ நாகராஜன் நம்மை எங்கும் நெருக்குவதில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் அவருடைய பெரிய பலம். ‘குறத்தி முடுக்கு’ (1963) கதையைச் சொல்லும் பத்திரிகையாளன் தங்கம் என்ற விலைமாதை உண்மையில் பார்க்கிறானா, தன்னையே பார்த்துக்கொள்கிறானா என்று கேட்ட இன்னொரு மாணவிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் வரவில்லை.

பழைய சிற்றிதழ்களைப் பாதுகாத்துவரும் நூலகர்களுக்கும், வீட்டு அலமாரியைத் திறந்துவிட்ட சேகரிப்பாளர்களுக்கும் நன்றி. ‘சரஸ்வதி’, ‘ஞானரதம்’ பக்கங்களைப் புரட்டினால்தான் இவர் தனியாக முளைத்தவர் இல்லை என்பது தெரிகிறது. யாரோடு ஒரே இதழில் எழுதினார், எதை எதிர்த்துப் பேசினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தொட்டால் உதிரும் தாள்களை அவர்கள் பொறுமையாகப் படமெடுத்துத் தந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் பாதை போட்டவர்களையும் சொல்லியாக வேண்டும். நண்பனை நண்பனாகவே எழுதிக்காட்டிய சுந்தர ராமசாமியின் ‘நினைவோடை’ என்ற நினைவுக் குறிப்பு நூல் இல்லாமல் அந்தக் காலத்துக்குள் நுழைய முடியாது. கடைசி நாட்களில் கூட இருந்த சி. மோகன் எழுதியவையும் அப்படித்தான். காலச்சுவடு பதிப்பகம் படைப்புகளை ஒரே தொகுதியாகக் கொண்டுவந்திருக்காவிட்டால் மாணவர்கள் கையில் நகல் பக்கங்கள் மட்டுமே இருந்திருக்கும். 2010இல் வந்த, ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலின் ஆபி ஸிஃப்ரன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, தமிழ் தெரியாத ஆய்வாளர்களையும் எங்கள் உரையாடலுக்குள் கொண்டுவந்தது.

இடம் தந்த கல்லூரிக்கும், எதிர்ப்பு வந்தபோதும் தலைப்பை மாற்றச் சொல்லாத துறைத் தலைவருக்கும் தனியாக நன்றி. அந்த ஒரு உறுதி இல்லையென்றால் இது நடந்தே இருக்காது. கேட்டதும் மெய்ப்புப் பார்க்க ஒப்புக்கொண்ட இரு நண்பர்களுக்கும் நன்றி. அடுத்த வாரம் பக்கங்கள் வந்து சேரும்.

நாகராஜன் எழுதிய பழைய இதழ்களோ, அவர் கடிதங்களோ உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், தெளிவான படம் போதும். தந்தவர் பெயரைப் புத்தகத்தில் குறிப்பிடுவோம்.

அன்புடன்,
கருத்தரங்கக் குழுவுக்காக