கடன்பட்டவர் சோம்பேறியா? ரொறொன்ரோ நண்பருக்கு ஒரு கடிதம்

திருகோணமலை,
வியாழக்கிழமை.

அன்பு நண்பருக்கு,

உம்முடைய கடிதமும் பழைய மாணவர் சங்கத்தின் உங்கள் கிளை தயாரித்த வரைவும் ஒன்றாகக் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் கண் சத்திர சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூத்தவளுக்கு மட்டக்களப்பில் நியமனம் கிடைத்திருக்கிறது. உம்முடைய மச்சானைச் சந்தையில் கண்டேன். வழக்கம்போல எல்லா மீனுக்கும் விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். இனி விடயத்துக்கு வருகிறேன்.

வாழ்வாதாரக் கடன் நிதிக்கான வரைவின் நான்காம் விதியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சோம்பலால் கடனில் விழுந்தவர்களுக்கு இந்த நிதி கொடுக்கப்படமாட்டாது என்றும், விண்ணப்பிப்பவர் கடின உழைப்பாளி என்பதைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் அதிலே இருக்கிறது. ஓரத்தில் உம்முடைய கையெழுத்தில், "உழைக்கிறவனுக்கு ஏன் கடன் வருகிறது?" என்று வேறு எழுதியிருக்கிறீர். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பேரேட்டோடு காலம் கழித்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதைவிடப் பெரிய காரணம், பள்ளிக்கூட அணியில் எங்கள் கப்டனாக இருந்த மீனவ நண்பர் போன கிழமை தன்னுடைய படகு இயந்திரத்தை விற்றுவிட்டார்.

திருக்கடலூரில் அவருடைய வீட்டு முற்றத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் வாங்குகிறவர்கள் வந்தார்கள். வந்த இளைஞர் இருவருக்கும் வெளியிணைப்பு இயந்திரத்தை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. இரண்டு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு நின்றார்கள். கப்டன் ஒன்றும் பேசாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அதைத் தானே தோளில் ஏற்றிச் சென்று அவர்களுடைய வண்டியில் வைத்து, விசிறி இடிபடாமல் இருக்கச் சாக்கைச் சுற்றிக் கட்டியும் கொடுத்தார். தூண்டில் கயிறு அறுத்த தழும்புகள் அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே ஓடுகின்றன. விடியப்புறம் மூன்று மணிக்குப் படகு தள்ளும் மனிதர் அவர். மக்கெய்சர் மைதானத்தில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓடியவரும் அவரே. பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கிக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மனிதர் உம்முடைய நான்காம் விதியின்படி ஒரு சான்றிதழ் வாங்கி வந்துதான் தாம் உழைப்பாளி என்று காட்ட வேண்டுமா?

அவருக்குக் கடன் வந்த வழியைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் பல மாதங்களாக மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. பிறகு ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கடலுக்குப் போய்வர 30 லீற்றர் வேண்டுமென்று வைத்துக்கொள்ளும். முதல் நாள் வரையில் 2,610 ரூபாயாக இருந்த செலவு மறுநாள் 10,200 ரூபாய். வலையில் மீன் படுமோ படாதோ, அந்தக் காசைக் கரையிலேயே எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும். அடுத்த மாதம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன்பு உழைத்த அதே அளவுக்கு உழைத்த ஒவ்வொருவரும், ஒரு மணி நேரம்கூடக் குறைத்து உழைக்காமலே, முன்னைய வருமானத்தின் பெறுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழந்தார்கள் என்பதே அதன் பொருள். கப்டன் முதலில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளுக்கான தன்னுடைய கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்ததால், அடகு வட்டியும் ஏறிப்போயிருந்தது. சங்கிலி மீளவில்லை. அதன் பிறகு மனைவியின் பெயரில், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடனான குழுக்கடன். குழுக்கடனின் தவணையைக் கட்டுவதற்கு, மீற்றர்போல ஏறும் வட்டிக்குக் கொடுக்கும் மீற்றர் வட்டிக்காரர். இதற்குமேல் நான் விரித்து எழுதத் தேவையில்லை.

குழுக்கடனின் கணக்கை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாரும். அதைத்தான் ஊரிலே ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஓர் இலட்சம் ரூபாய், ஒரு வருடம், 24 சதவீத வட்டி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மொத்தம் 124,000 ரூபாயை 52 கிழமைகளால் வகுத்தால், கிழமைக்கு ஏறத்தாழ 2,385 ரூபாய். முதல் கிழமையிலிருந்தே முதலும் சேர்ந்து குறைந்துகொண்டு வருகிறது. ஆனால் வட்டியோ கடைசிக் கிழமை வரைக்கும் முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. கையில் உண்மையாக இருந்த பணத்தை வைத்துப் பார்த்தால், அந்த 24 சதவீதம் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று கொடுக்கும்போதே கழிப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனுக்கு 220 சதவீதம் வரையில் வட்டி அறவிடப்படுவதாகச் சொன்னார். இவ்வளவு வட்டியையும் கட்டி மிச்சம் பிடிக்கக்கூடிய தொழில் கடலிலும் இல்லை, வயலிலும் இல்லை, உம்முடைய ரொறொன்ரோவிலும் இருக்காது.

வட்டியைவிடக் கொடியது கிழமை என்ற கணக்கு. நவம்பர் தொடங்கி ஜனவரி வரையில் வாடைக்காற்றும் மழையும் அடித்து எங்கள் கடல் கொந்தளித்துக் கிடப்பது உமக்குத் தெரியும். தம்பலகாமத்து விவசாயிக்குப் போகம் முடிந்து நெல் விற்ற பிறகுதான் காசு. வருமானம் பருவத்துக்கு வருகிறது. தவணை கிழமைக்குக் கிழமை வருகிறது. கூட்டம் ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும். ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். அதுவரையில் வசூலிக்க வந்தவர் எழுந்து போகமாட்டார். அப்படியொரு கூட்டத்தில் ஒரு பெண் தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்ததையும், அவள் அதை வாங்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐவரும் விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கருவாடு காயப்போட்டுவிட்டு வந்திருந்தவர்கள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது சும்மா இல்லை. சோம்பல்தான் பணக்கஷ்டத்துக்குக் காரணம் என்றால், சோம்பியிருக்கும் எல்லோரும் கஷ்டப்பட வேண்டும், உழைக்கும் எல்லோரும் செழிக்க வேண்டும். உப்புவெளியில் தகப்பன் விட்டுச்சென்ற காணியில் விடுதி கட்டி வாடகைக்குக் கொடுத்துவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு எழும்புகிறவரை உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை ஒருவரும் சோம்பேறி என்று சொல்வதில்லை, வசதியானவர் என்கிறார்கள். கடன் நிலுவைக்காரரின் பிழையாக மட்டும் சோம்பல் ஏன் கண்ணுக்குத் தெரிகிறது?

குடித்து அழித்தவர்களும், கடனை வாங்கி வீண் செலவு செய்தவர்களும் இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. பேரேட்டில் அவர்களும் இருந்தார்கள். ஆனால் நிலுவைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால், பெரும்பாலும் கண்டது நோய், மரணம், சேதப்பட்ட படகு, மழை பொய்த்த வயல், மகளின் திருமணம் ஆகியவைதான். சம்பூர் மக்களை நினைத்துப் பாரும். 2006இல் போரால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முதலான முகாம்களில் ஆண்டுக்கணக்காக நிவாரணத்தில் இருந்தபோது, அவர்கள் உழைக்கப் பழக்கமற்றுப் போய்விட்டார்கள் என்று நகரத்தில் இருந்தவர்கள் வாய்கூசாமல் பேசினார்கள். அரசு பிடித்து வைத்திருந்த காணிகள் 2015இல் விடுவிக்கப்படத் தொடங்கியதும் அதே மக்கள் பற்றைக்காடு மண்டிக் கிடந்த வளவுகளைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கிக் குடியேறினார்கள். நிலத்தைப் பறித்து வைத்துக்கொண்டு, உழவில்லை என்று உழவனைக் குறை சொன்னது என்ன நியாயம்? இது புதிய பேச்சும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டக்காரரான வெள்ளையர், தங்கள் தோட்டத்துக்குக் கூலிக்கு வர மறுத்த கண்டிக் கிராமத்தவரைச் சோம்பேறிகள் என்றே எழுதி வைத்தார்கள். அந்தக் கிராமத்தவர்களோ தங்கள் சொந்த வயலில் உழுதுகொண்டிருந்தார்கள்.

நீர் படிப்பாளி, ஆராய்ச்சி இருந்தால்தான் நம்புவீர். ஆகவே இரண்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், அதே மனிதர்கள் அறுவடைக்கு முன் கையில் காசில்லாத காலத்தைவிட, அறுவடைக்குப் பின் காசு வந்த காலத்தில் சிந்தனைச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். கடன் நெருக்கும் மனிதர் மந்தமாகவும் முடிவெடுக்க மாட்டாதவராகவும் தெரிவதைப் பார்த்து நாங்கள் குணக்கேடு என்று எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு நெருக்கடியின் பாரம். மற்றது, உதவிப் பணம் கொடுத்தால் மக்கள் வேலைக்குப் போகமாட்டார்கள் என்ற பேச்சைப் பற்றியது. 2023இல் அரசாங்கத்தின் உதவிப் பணத் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோது இங்கேயும் அதைத்தான் கேட்டேன். அபிஜித் பானர்ஜியும் கூட்டாளிகளும் இந்தோனேசியா, மெக்சிக்கோ, மொரோக்கோ உட்பட ஆறு நாடுகளின் உதவித் திட்டங்களை ஆராய்ந்து, அப்படி உழைப்புக் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

உம்மையும் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். முதன்முதலில் நீர் விமானம் ஏறியபோது ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த காசு யாருடையது? மாமா நிலாவெளிக் காணியை ஈடு வைத்தார். போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வருடமாக அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரண்டு வருடம் உமக்குக் கிடைத்தது. நீர் உழைத்து முன்னுக்கு வந்தீர், அதை நான் எங்கும் சொல்வேன். மாமா கிழமைக்குக் கிழமை தவணை கேட்டிருந்தால் உம்முடைய உழைப்பு என்னவாகியிருக்கும்? கப்டனுக்கு அப்படியொரு மாமா கிடைக்கவில்லை. எங்கள் நிதி அந்த மாமாவின் இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் என்னுடைய மன்றாட்டம்.

ஆகவே நான்காம் விதியை முழுதாக எடுத்துவிட்டு இப்படி எழுதும்படி கேட்கிறேன்: மீனவருக்கும் விவசாயிக்கும் தவணை, அவர்களுக்கு வருமானம் வரும் மாதங்களில் மட்டும் அறவிடப்படும், கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் அறுவடைக்கு முந்திய மாதங்களிலும் தவணை கிடையாது, சேவைக் கட்டணம் எதுவாயினும் கட்டி முடியாத மீதித் தொகைக்கு மட்டுமே கணக்கிடப்படும், ஒருவருடைய நிலுவைக்காகப் பக்கத்து வீட்டாரை நெருக்குவதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் குணச் சான்றிதழ் வாங்கும் வேலை வேண்டாம். அவருக்கும் வேலை அதிகம். கேட்டு நிற்பவருக்கு அது அவமானம்.

இங்கே நிர்வாகக் குழு தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. பங்குனி வந்தால் கடல் அடங்கிவிடும். அதற்கு முன்னர் கப்டனின் படகில் ஓர் இயந்திரம் பூட்டப்பட வேண்டும். பழையது நல்ல நிலையில் ஒன்று சல்லிக் கிராமத்தில் விற்பனைக்கு இருக்கிறது, நானே போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் கிளையின் சம்மதத்தைக் கூட்டத்துக்கு முதல் எழுத்தில் அனுப்பும். தொலைபேசியில் சொன்னால் இங்கே ஏற்றுக்கொள்ளமாட்டார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லும். சின்னவளின் பரீட்சை முடிவு வந்ததும் எழுதும்.

அன்புடன்,
உம்முடைய பழைய வாங்குத் தோழன்.