சருகு ஏன் மட்காமல் கிடக்கிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். இலையுதிர்காலத்தில் மரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறவர்களே, உதிர்ந்த பிறகு அதே இலையைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். கேட்டால், "போட்டு வைத்தால் மட்கவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். அந்த நிறம் வந்ததற்கும் இலை மட்காததற்கும் காரணம் ஒன்றுதான்.

உதிர்க்கும் முன் மரம் இலையிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஏறத்தாழப் பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது பச்சையம் சிதைகிறது. கிங்கோ மரத்தின் மஞ்சள் புதிதாக வருவதல்ல. கோடை முழுக்கப் பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிதான். மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் இருந்தால், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அப்போதுதான் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமியை உண்டாக்குகிறது. வானம் மூடியே கிடந்த ஆண்டில் மஞ்சள் அவ்வளவாகக் குறையாது, சிவப்புதான் மங்கும். வெயில் சாய்ந்த வேளையில், இலையை ஊடுருவி வெளிச்சம் வரும் பக்கமாக நின்று பாருங்கள். உச்சிவெயிலில் இந்த நிறம் எடுபடாது.

தழைச்சத்து போனபின் சருகில் மிஞ்சுவது பெரும்பாலும் கரிமம் (கார்பன்). ஒரு பங்கு தழைச்சத்துக்கு 50 பங்கு, சில மரங்களில் அதற்கும் மேல். நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்ய 25 முதல் 30 பங்குதான் வேண்டும். ஆகவே மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைப் புல்லோ சாணமோ காய்கறிக் கழிவோ கலக்க வேண்டும். குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சிறிதானால் சூடு தங்காது. ஈரம், கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு.

நாற்றம் வருவது காற்றுப் போகாததால். முழு இலைகள் நனைந்து பாய் பாயாக ஒட்டிக்கொண்டால் உள்ளே எதுவும் நுழையாது. புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு முறை மேலே ஓட்டிப் பொடியாக்கிவிட்டுக் குவியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் சில மாதங்களில் உரம் தயார். கிளற நேரமில்லையா? கம்பிவலைக் கூண்டில் நனைத்துப் போட்டுவிடுங்கள். ஓரிரு ஆண்டுகளில் பூஞ்சை அதை இலை மட்காக்கிவிடும். அதில் சத்து குறைவு. ஆனால் மண்ணில் ஈரம் பிடித்துவைப்பதில் அதற்கு ஈடு குறைவு.

பொடித்த சருகை மண்ணை மூடும் மூடாக்காகப் போடுவதானால் 5 முதல் 8 செ.மீ. போதும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். ஒரு சாண் விட்டுப் போடுங்கள். வால்நட் சருகை மட்டும் தக்காளிப் பாத்தியில் போடவே கூடாது. அதிலுள்ள ஜக்லோன் என்னும் நச்சுப்பொருள் செடியை வாட்டிவிடும்.

கரும்புள்ளி நோய் கண்ட ரோஜா இலைகளைக் குவியலில் சேர்க்காதீர்கள். வீட்டுக் குவியலில் எல்லா இடமும் ஒரே சூடாக இருக்காது, நோய்ப் பூஞ்சையின் வித்துகள் பிழைத்துவிடும். அவற்றைத் தனியே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தோட்டக்கலை ஆர்வலர்