நிறை நின்றுவிட்டதாமே என்று கேட்டவளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தது, கிணறு இறைத்தது, பக்கத்து வளவுக்காரருடன் வேலிச் சண்டை ஒருவழியாக ஓய்ந்தது எல்லாம் படித்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்தால், நீ உண்மையில் கேட்க நினைத்தது அங்கேதான் பதுங்கியிருக்கிறது. “இரைப்பையை வெட்டி எடுத்த பிறகும் உனக்கு நிறை குறைவது நின்றுவிட்டதாமே, தம்பிக்கும் செய்யலாமா என்று யோசிக்கிறோம், காசு வீணாகிவிடுமோ?” இதை முதல் வரியிலேயே கேட்டிருக்கலாமே. உனக்கும் எனக்கும் இடையில் என்ன முகவுரை? வவுனியாவரை இந்தச் செய்தியைக் காவி வந்தவர் யாரென்றும் எனக்குத் தெரியும். வெள்ளவத்தைச் சந்தையில் என் கைப்பைக்குள் என்ன மரக்கறி இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 112 கிலோவோடு சத்திரசிகிச்சைக்குப் போனேன். முதல் ஆறு மாதம் நிறை மளமளவென்று இறங்கியது. சட்டைகளைத் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கே என்னால் நல்ல வருமானம். பிறகு மெல்ல மெல்ல வேகம் தணிந்தது. இப்போது 79. சில மாதங்களாக அந்த எண்ணைச் சுற்றியே ஒரு கிலோ கூடுவதும் குறைவதுமாக நிற்கிறது. இதைத்தான் ஊரில் “நின்றுவிட்டது” என்கிறார்கள். 112இல் நின்றுகொண்டிருந்தபோது ஒருவரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை என்பதையும் குறித்துக்கொள்.

தம்பிக்காகக் கேட்பதால் விபரமாகவே எழுதுகிறேன். எனக்குச் செய்தது ஸ்லீவ் என்கிற முறை. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் கூடுதலாக நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். வெட்டி எடுக்கும் பங்கில் அடங்கும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது. அதனால் முதல் மாதங்களில் இடம் குறைவு என்பதோடு பசியும் அவ்வளவாக இருக்காது. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று மகள்தான் எனக்கு நினைவூட்டுவாள். நான்! பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம் முடியுமுன்னே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவள்.

அந்தக் காலம் நிரந்தரமில்லை. நாளாக நாளாக மிச்சமுள்ள இரைப்பை சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது, பசியும் ஓரளவு திரும்புகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. 112 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்குச் செலவான சக்தி 79 கிலோவுக்குத் தேவையில்லை. சும்மா படுத்திருந்தாலும் சிறிய உடம்புக்குச் செலவு குறைவு. அதற்கு மேலாக, பட்டினிக் காலம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு தன் செலவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறது. ஆகவே முன்பு நிறையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது நிறையைத் தக்க வைக்கிற சாப்பாடாகிவிடுகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வைப் பற்றி வைத்தியர் எனக்குச் சொன்னார். இப்படிச் சத்திரசிகிச்சை செய்தவர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். முதல் ஓரிரு வருடத்தில் நிறை ஆகக் கீழே வருகிறது, பிறகு கொஞ்சம் ஏறுகிறது, பிறகு ஒரு மட்டத்தில் நிற்கிறது. இரைப்பையைச் சிறிய பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் முறையில் செய்தவர்களுக்குத் தொடக்கத்தில் உடல் நிறையில் ஏறத்தாழ 32 சதவீதம் குறைந்து, பத்து வருடம் கழித்துப் பார்க்கும்போது 25 சதவீதக் குறைவாக நின்றதாம். ஸ்லீவ் முறை அந்த ஆய்வில் இல்லை, ஆனால் போக்கு இதேதான் என்றார். எனக்கு 29 சதவீதம் குறைந்திருக்கிறது. சந்தையில் சந்திக்கிறவருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. உனக்குச் சொல்லலாம், நீ கணக்குப் படிப்பித்தவள்.

இது தானாக வரும் தணிவு. இன்னொன்று நம் கையால் வருவது. தம்பிக்கு நீ சொல்ல வேண்டியது இந்த இரண்டாவதைத்தான், ஏனென்றால் சத்திரசிகிச்சைக்கு முன் இதை யாரும் நம்புவதில்லை. இரைப்பையைச் சிறிதாக்கிவிட்டால் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட முடியாதுதானே என்று நினைக்கிறார்கள். நல்ல சாப்பாட்டுக்குத்தான் அந்தக் காவல். மீன் துண்டு, முட்டை, கடலை, கௌபி இவை உள்ளே தங்கி நிற்கும். நாலைந்து வாய்க்கு மேல் இடம் விடாது. பருத்தித்துறை வடையோ, பிஸ்கட்டோ, ஐஸ்கிரீமோ அப்படியில்லை. வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், இரைப்பை தடுக்கவே தடுக்காது. ஒரு துண்டு அறுக்குளா மீனுக்கு மேல் இறங்காத அதே வயிற்றில், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு அரைப் பை வடை போய்விடும். என்னோடு கிளினிக்குக்கு வரும் ஒருவருக்கு நிறை திரும்ப ஏறுகிறது. அவர் மூன்று நேரமும் உண்மையிலேயே கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார். நடுவில் கொறிப்பதை அவர் சாப்பாடு என்று கணக்கெடுப்பதில்லை.

கொழும்பில் இதற்குத் தப்புவது இலேசில்லை. காலி வீதியில் கால் வைத்தால் கண்ணாடி அலுமாரிக்குள் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் தேநீரோடு ஒரு தட்டு வந்து முன்னால் இருக்கும். தேநீரே தனிக் கதை. ஒரு கப்புக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கப் என்றால் அறுபது கிராம் சீனி, 240 கலோரி. அது ஒரு கிண்ணச் சோற்றுக்கு மேல். பானமாக இறங்குவதால் வயிறு அதைக் கவனிப்பதும் இல்லை. நான் இப்போது வெறும் தேநீர்தான். இஞ்சி தட்டிப் போட்டுச் சீனியில்லாமல் குடிப்பது தண்டனை என்று நினைத்திருந்தேன். இப்போது சீனி போட்டதைக் குடித்தால் பாணியாகத் தித்திக்கிறது.

நான் சாப்பிடுவதைக் கேட்டிருந்தாய். கோப்பை மாறிவிட்டது, தேநீர்க் கப்பை வைக்கும் சிறிய தட்டில்தான் சாப்பாடு. முதலில் மீன் அல்லது முட்டை, அதன்பின் மரக்கறி, இடம் இருந்தால் கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி சிவப்பரிசிச் சோறு. நாளுக்கு அறுபது கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார் போசணை ஆலோசகர். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது கிராம் அளவில் என்று கூட்டிப் பார்த்தால் அது சின்ன வேலையில்லை. பருப்பு, தயிர், நெத்தலி என்று நாள் முழுக்கச் சேர்க்க வேண்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும், தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறைந்து நிறையும் அசையாது. அதற்காகத்தான் காலையில் இரண்டு கையிலும் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பலகணியில் ஏற்றி இறக்குகிறேன். எதிர் மாடிக்காரருக்கு நல்ல பொழுதுபோக்கு.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, முடிந்து அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நம் ஆட்களுக்குக் கடினமான விதி இதுதான். கடைசிப் பிடி சோற்றுக்குச் சொதியை அள்ளி ஊற்றிக் குடிக்காமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இருக்காது. ஆனால் தண்ணீர் சேர்ந்தால் உள்ளே இருப்பது சீக்கிரம் இறங்கிவிடும், வயிறு மறுபடி காலி என்று சொல்லும் என்கிறார்கள்.

வயிறு நிறைந்ததை எப்படி அறிவாய் என்றும் கேட்டாயல்லவா? முன்பெல்லாம் பட்டியைத் தளர்த்தும்போது தெரியும். இப்போது மூக்கு சொல்கிறது. நம்பமாட்டாய், ஆனால் எனக்கு இன்னும் ஒரு வாய் மட்டும் என்ற கட்டம் வந்தால் மூக்கில் நீர் வடியும், ஒரு விக்கல் எழும்பும். அதைக் கவனியாமல் அந்த ஒரு வாயையும் போட்டால் நெஞ்சுக்குழியில் இறுக்கிப் பிடிக்கும், வாயெல்லாம் உமிழ்நீர் ஊறும், ஓங்காளிக்கும். ஆகவே மூக்கில் நீர் வந்ததும் கை கழுவ எழும்பிவிடுவேன். பாணும் காய்ந்த கோழியிறைச்சியும் இன்னும் எனக்குச் சரிவரவில்லை. பாணை எவ்வளவு மென்றாலும் பிசைந்த மாவாகித் திரண்டு நின்றுவிடுகிறது. இடியப்பம் பரவாயில்லை, ஒன்று, ஆறுதலாக.

பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் நடந்ததைக் கேள். என் சின்னத் தட்டைக் கண்ட மாப்பிள்ளையின் பெரியம்மா, “பிள்ளை, எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையோ” என்று கேட்டுக்கொண்டே மூன்று கரண்டி புரியாணியைப் போட்டுவிட்டார். சத்திரசிகிச்சை என்றால் மண்டபம் முழுக்கக் கதை பரவும். பேசாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகச் சுற்றிச் சுகம் விசாரித்தேன். தட்டோடு நடமாடுகிறவளை யாரும் வற்புறுத்துவதில்லை, அவள் ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். இந்த உபாயத்தைத் தம்பிக்கு இலவசமாகச் சொல்லிக் கொடு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதம் அளவில் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது, பிறகு முளைத்துவிட்டது. பி12, இரும்புச் சத்து, கல்சியம், விற்றமின் டி குளிசைகளும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. நிறை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் வரக்கூடும், ஆகவே வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தால் வாயுக் கோளாறு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு இருக்கக்கூடாது.

இனித் தம்பியைப் பற்றி. உடல் திணிவுச் சுட்டெண்ணை (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) கணக்கிட்டுப் பாருங்கள். 2022இல் சர்வதேசச் சத்திரசிகிச்சையாளர் சங்கங்கள் திருத்திய வழிகாட்டலின்படி 35க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம். ஆசியருக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருவதால் 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். அவனுக்கு நீரிழிவும் இருக்கிறது, ஆகவே வைத்தியர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். நெஞ்செரிவு கூடுதலாக இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல். ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும், அவனுக்குப் பைபாஸ் பொருந்தலாம்.

எனக்குப் பயம் அவன் சாப்பாட்டில் இல்லை, அவனுடைய சனிக்கிழமைப் போத்தலில். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, முக்கியமாகப் பைபாஸில், மதுபானம் வேகமாக இரத்தத்தில் ஏறும். முன்பு நாலு குடித்தவனுக்கு இரண்டிலேயே தலை கிறுகிறுக்கும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை இழந்தவர்கள் சிலர் அதை அங்கே தேடிப் போய்விடுகிறார்கள். நீ சொன்னால் சிரிப்பான், மனைவி சொன்னால் கோபப்படுவான். வைத்தியரைக் கொண்டு சொல்விப்பதுதான் வழி. அதை அவன் கேட்கத் தயாரில்லை என்றால் கொஞ்சக் காலம் பொறுக்கச் சொல்வேன், நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

காசு வீணா என்றால், எனக்கு வீணில்லை. நீரிழிவுக் குளிசைகளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள், மற்றதைப் பாதியாக்கிவிட்டார்கள். மின்தூக்கி பழுதானால் நாலாம் மாடிக்கு நின்று நின்றாவது ஏறுகிறேன். மாலையில் மரைன் டிரைவில் வெள்ளவத்தை நிலையத்திலிருந்து பம்பலப்பிட்டிவரை நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. தராசைப் பேரனின் அறைக்கு மாற்றிவிட்டேன். அவன் தன் கரடிப் பொம்மையை நிறுத்துப் பார்க்கிறான். நான் மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்கிறேன், அது போதும். இன்னும் ஐந்து கிலோ குறைந்தால் சந்தோஷம், 79இலேயே நின்றாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்ப 90க்குப் போகாமல் இருக்கத்தான் பாடுபடுகிறேன்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவதென்றால் வெள்ளிக்கிழமை வராதே, அன்றைக்கு எனக்குக் கிளினிக். அரசாங்க வைத்தியசாலையில் செய்விப்பதானால் காத்திருக்க வேண்டியிருக்கும், இப்போதே பெயரைப் பதிந்து வைப்பது நல்லது. பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், சாப்பிடும் குளிசைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வரும்போது ஒடியல் மா ஒரு கிலோ. இங்கே விற்பதில் மணமே இல்லை. கூழில் மீனும் இறாலும் நண்டும் கூடுதலாகப் போட்டுக் காய்ச்சுவோம், எனக்கு அரைக் கிண்ணம் போதும், மிச்சம் உனக்கு. வரும் திகதியை முன்னதாகவே எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து வாங்குக்காரி