பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்புக்குக் கொடுக்காதீர்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் போர்ஷன் முடிக்க அதைத்தான் முதலில் எடுக்கிறோம். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பகலெல்லாம் பெஞ்சு, மாலையில் டியூஷன், இரவில் போன். பிள்ளை நடப்பது பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்.

இங்கிலாந்தில் 4,257 பிள்ளைகளுக்கு 12, 14, 16 வயதுகளில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. 12 வயதில் நாளுக்கு ஒரு மணிநேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண் சுமார் 11% அதிகம். உட்கார்ந்ததுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் மெதுநடை போன்ற லேசான அசைவு கூடியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தே இருந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பது வேறு வேலை. இங்கே எழுந்து நடமாடினாலே கணக்கில் சேரும்.

பீரியடைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. 50 பேருக்கு ஒரே பந்து என்றால் பத்துப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஐந்து இடங்களில் கோ-கோ, ரிங் பால், ஸ்கிப்பிங் போன்றவற்றை ஆட விடுங்கள்; உட்கார்ந்து ஆடும் கேரம் வேண்டாம். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் 45 நிமிடத்தில் எல்லோரும் எல்லாம் ஆடிவிடலாம். மதியம் இரண்டு மணி வெயிலில் இந்தப் பீரியடைப் போடாதீர்கள்; முதல் பீரியடோ கடைசிப் பீரியடோ சரி. மாணவிகள் ஒதுங்குவதற்குப் பாதிக் காரணம் துப்பட்டாவும் செருப்பும் தண்ணீர் வராத கழிப்பறையும்தான். அன்றைக்கு டிராக் பேண்ட், ஷூ போட்டு வர அனுமதியுங்கள்.

வகுப்புக்குள்ளும் வழி உண்டு. ஒவ்வொரு மணி அடித்ததும் இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்கட்டும். கணக்கைப் போர்டில் வந்து போடட்டும்.

ஒன்றை மட்டும் அடியோடு நிறுத்துங்கள்: தாமதமாக வந்தவனை மூன்று ரவுண்டு ஓடச் சொல்வது. ஓட்டம் தண்டனை என்று பதிந்துவிட்டால் அந்தப் பிள்ளையை மறுபடி மைதானத்துக்கு இழுப்பது பெரும்பாடு.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை வாரக்கணக்கில் தலைவலி, வயிற்றுவலி என்று ஒதுங்கினால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். மனச்சோர்வும் அப்படித் தொடங்கலாம். அதற்கு விளையாட்டு மட்டுமே மருந்தாகாது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்