கவினோட ரைமிங் வேர்ட்ஸும் எங்க ஹோம் தாத்தாவும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன், நீயும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கீங்க, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா, எண்ணெய் தடவி விடுறியா இல்ல நான் கேட்டா மட்டும் ஆமாங்குறியா. இங்க லண்டன்ல குளிர் ஆரம்பிச்சிருச்சு, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிருது, நம்மூர்ல அப்பத்தான் வெயில் தாழ்ந்து சனம் டீக்கடைப் பக்கம் வரும். சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறை இல்ல, ஈஸ்ட் ஹாம் போனா கருவேப்பிலை முருங்கைக்காய் எல்லாம் கிடைக்குது, முருகன் கோயிலும் இருக்கு, வெலைய மட்டும் கேட்டுறாத.

நீ வாட்ஸப்ல அனுப்புன கவின் ஹோம்வொர்க்க பாத்தேன். ரைமிங் வேர்ட்ஸ் எழுதி அர்த்தமும் எழுதணுமாம், அவன் என்னடான்னா இருமலுக்கு சொல்ற காஃபையும், ஆனாலும்னு சொல்ற தோவையும் ஜோடி போட்டு வச்சிருக்கான், ரெண்டும் ஓ யூ ஜி ஹெச்ல முடியுதாம். அவனத் திட்டாத, இங்கிலீஷ்காரன் எழுத்து அப்படி. காஃப், தோ, டஃப், த்ரூ எல்லாத்துக்கும் வால் ஒண்ணுதான், சத்தம் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஆனா பேரிக்காய்க்கு சொல்ற பேர், முடிக்கு சொல்ற ஹேர், அங்கங்கறதுக்கு சொல்ற தேர், மூணையும் எழுதிப் பாரு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது, வாய்விட்டு சொன்னா ஒண்ணா ஒலிக்கும். அதனால கண்ண மூடிக்கிட்டு சத்தமா சொல்லிப் பாத்து எழுதச் சொல்லு. இன்னொண்ணு, எதுகைன்னு அவனுக்கு சொல்லிக்குடுத்திருக்கியே, அது ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்றது, இது கடைசில ஒண்ணா முடியுறது, நம்ம இலக்கணத்துல அதுக்கு இயைபுன்னு பேரு.

இதெல்லாம் எனக்கு எங்குட்டிருந்து தெரிஞ்சுச்சுன்னு கேப்ப. நான் வேலை பாக்குற முதியோர் ஹோம்ல ஒரு தாத்தா இருக்காரு, எம்பது தாண்டிருச்சு, அந்தக் காலத்துல துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு, சுத்தமான கிழக்கு லண்டன் ஆளு. காக்னின்னு சொல்லுவாய்ங்க. அவர் பேசுறதுல பாதி ரைம்தான். மாடிப்படின்னா ஸ்டேர்ஸ், அதுக்கு ரைமா ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்னு வச்சிருக்காய்ங்க, சரி அதாவது பரவால்லன்னு பாத்தா அந்த ரைம் ஆகுற பேர்ஸ விட்டுட்டு வெறும் ஆப்பிள்ஸ்னு மட்டும் சொல்லுவாய்ங்க. எது ஒலிக்குதோ அதையே முழுங்கிட்டா வெளியாளு என்னத்தக் கண்டுபிடிப்பான். நம்ம பக்கம் மாட்டுச் சந்தையில தரகருங்க துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு வெலை பேசுவாங்கள்ல, அந்த மாதிரி வச்சுக்க. 1859ல ஹாட்டன்னு ஒருத்தர் போட்ட ஸ்லாங் அகராதிலயே இந்தப் பேச்சு இருக்கு, தெருவுல கூவி விக்கிறவங்க ஆரம்பிச்சதும்பாக, போலீசுக்குப் புரியக்கூடாதுன்னு திருட்டுப் பயலுக ஆரம்பிச்சதும்பாக.

காலையில அவர எழுப்பி உக்கார வச்சா முதல்ல ஹாம்ஸ்டெட்ஸ் எங்கம்பாரு, பல்செட்டுதான், டீத்துக்கு ரைம் ஹாம்ஸ்டெட் ஹீத். ராத்திரி தண்ணில போட்டு வச்ச கப்ப நீட்டுவேன், எடுத்து மாட்டிக்கிட்டு ரெண்டு தரம் மென்னு பாத்துட்டு, அடுத்து பார்னெட்ட சீவி விடும்பாரு. பார்னெட் ஃபேர்னா ஹேர், மண்டையில இருக்குறது நாலு முடி, அதுக்கும் வகிடு எடுக்கணும். ஹாம்ஸ்டெட், பார்னெட் ரெண்டுமே இந்த ஊர் இடம், ஒரே மெட்ரோ லைன்லதான் வரும். காலுக்கு கிரீம் தடவும்போது மை பிளேட்ஸ்னு முனகுவாரு, பிளேட்ஸ் ஆஃப் மீட்னா ஃபீட்.

அவர் சொல்றதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது டோஸ்ட் விஷயந்தான். வெள்ள பிரெட்டா பிரவுன் பிரெட்டான்னு கிச்சன்ல வந்து கேப்பாங்க, இவரு தினமும் வெள்ள பிரெட்டே குடு, பிரவுன் பிரெட் ஆகுறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்குன்னு சொல்லிட்டு கண்ணடிப்பாரு. பிரவுன் பிரெட்டுன்னா டெட், செத்துட்டான்னு அர்த்தம். தினமும் அதே ஜோக்குதான், தினமும் எல்லாரும் சிரிக்கிறோம்.

சீப்சைடுல செயின்ட் மேரி லீ போன்னு ஒரு சர்ச்சு, அந்த மணிச்சத்தம் கேக்குற இடத்துல பொறந்தவன்தான் அசல் காக்னின்னு ஒரு பேச்சு உண்டு, தாத்தா அதச் சொல்லி ரொம்ப பீத்திக்குவாரு. எதுத்த ரூம் பாட்டி தொண்ணூத்தி ரெண்டு வயசு, அது விடாது. 1941ல குண்டு போட்டு அந்த மணியெல்லாம் விழுந்துருச்சு, திரும்ப மணி அடிச்சது 1961லதான், நீ நடுவுல பொறந்தவன், உனக்கு எந்த மணி கேட்டுச்சுன்னு அது கேக்கும், இவரு போர்க்கீஸ் போர்க்கீஸ்னு கத்துவாரு. போர்க் பைஸ்னா லைஸ், பொய்யி. தேதிப்படி பாத்தா பாட்டி பக்கந்தான் நியாயம், ஆனா நான் வாயத் திறக்குறதில்ல, ரெண்டு பேருக்கும் நான்தான மாத்திரை குடுக்கணும்.

நம்ம குழம்ப கூட விட்டு வைக்கல. கறின்னா ரூபி, 1950கள்ல ரூபி முர்ரேன்னு பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்த பாட்டுக்காரம்மா, 1955ல ஒரே வாரத்துல டாப் 20ல அஞ்சு பாட்டு அவங்களுதாம், முர்ரேங்கிறது இவிய்ங்க வாயில கறி மாதிரியே முடியுறதுனால அந்தம்மா பேரு குழம்புக்கு வந்துருச்சு. ஸ்கூல்ல ஹிஸ்டரில படிச்ச கைபர் கணவாய், இங்கிலீஷ்ல கைபர் பாஸ், இருக்குல்ல, அது எதுக்குப் பேரா இருக்குன்னு சொன்னா சிரிப்ப. உக்காருற எடத்துக்கு! நாம ஆர் எழுத்த அழுத்திச் சொல்றவங்க, நம்ம வாய்க்கு ஆர்ஸுங்கிற அந்த வார்த்தை பாஸோட சேரவே சேராது, இவிய்ங்க ஆர முழுங்குறதுனால கச்சிதமா சேருது. இத மட்டும் கவினுக்கு சொல்லிறாத, மிஸ்கிட்ட போய் எழுதிக் காட்டிருவான்.

இப்ப இருக்குற பிள்ளைங்க இந்தப் பேச்செல்லாம் அவ்வளவா பேசுறதில்ல, தெருவுல நடந்தா பெங்காலி, தமிழ், ருமேனியா பாஷைதான் காதுல விழுது. எங்க ஹோம்ல இருக்குற இளவட்ட வெள்ளைக்காரப் பொண்ணுக்கே தாத்தா சொல்றது பாதி தெரியல, நான்தான் அதுக்கு அர்த்தம் சொல்றேன், கூத்தப் பாத்தியா.

பணம் இந்த மாசம் ரெண்டு நாள் லேட்டா வரும், வாடகை அட்வான்ஸ் கட்டிட்டேன், மாமாகிட்ட சொல்லிரு. பக்கத்துத் தெரு அண்ணன் பொங்கல் முடிஞ்சு கிளம்புறாராம், அவர்கிட்ட மோர் மிளகாயும் சுண்ட வத்தலும் குடுத்து விடு, ஊறுகாய் வேணாம், போன தடவை பெட்டி பூரா எண்ணெய். ஞாயித்துக்கெழமை உங்க டைம் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால்ல வர்றேன், கவினத் தூங்க விட்றாத, நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு உக்காரச் சொல்லு.

இப்படிக்கு,
உன் தம்பி